அந்தக் கணுக்காலுக்கு ஒரு நன்றி

அன்பு வாசகர்களே,



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். டொரண்டோவில் வாழும் யாழ்ப்பாணத்து வாசகி ஒருவர் எழுதியது. அவருடைய மகளுக்குப் பதினோரு வயது. ஐஸ் ஸ்கேட்டிங் பழகுகிறாள். அவள் உயிராக நினைக்கும் வீராங்கனை ஒருவர் காலில் அடிபட்டு, இந்தப் பருவத்துப் போட்டிகளிலிருந்து விலகிவிட்டாராம். இரவுச் சாப்பாட்டைத் தொடாமல், "அவ இனி வரவே மாட்டாவோ, அம்மா?" என்று மகள் கேட்டிருக்கிறாள். "கால் சுகமானால் வருவா எண்டு சொல்லிப் பார்த்தேன். பிள்ளைக்கு மனம் ஆறேல்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீங்கள்?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருந்தார்.

சகோதரி, உங்கள் மகளின் கேள்வி எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. அதே கேள்வியோடு மூன்று மாதம் நடமாடியவள் நான். நான் ஸ்கேட்டிங் வீரர் யுசுரு ஹன்யூவின் ரசிகை. என்னிடம் இருப்பது அறிவுரை அல்ல, அவருடைய கதைதான். அதையே சொல்கிறேன்.

ஹன்யூ ஜப்பானின் செண்டாய் நகரத்துப் பிள்ளை. ஆஸ்துமா உள்ள குழந்தை. அக்காவைப் பார்த்து நான்கு வயதில் ஐஸில் கால் வைத்தார். 2011 மார்ச் 11 அன்று அந்தப் பெரும் நிலநடுக்கம் வந்தபோது அவருக்கு 16 வயது. உள்ளூர் ரிங்கில் பயிற்சியில் இருந்தார். ஸ்கேட்டைக் கழற்ற நேரமில்லாமல், கத்தி கட்டிய காலோடு வெளியே ஓடினார். குடும்பத்தோடு சில நாள் முகாமில் தங்கினார். ரிங்க் மூடிக் கிடந்ததால் ஊர் ஊராக ஐஸ் நிகழ்ச்சிகளில் ஆடி, அதையே பயிற்சியாக்கிக் கொண்டார். அடுத்த ஆண்டு உங்கள் டொரண்டோவுக்கு வந்து பிரையன் ஓர்சரிடம் சேர்ந்தார். 2014-இல் சோச்சி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். ஆண்கள் தனிநபர் பிரிவில் அந்தத் தங்கத்தை வென்ற முதல் ஆசியர் அவர்தான்.

செண்டாய் மக்களுக்கு அவர் வெறும் விளையாட்டு வீரர் இல்லை. அந்த நிலநடுக்கத்தோடு கடல் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன ஒரு கரையிலிருந்து எழுந்து நின்ற பிள்ளை. அந்தப் பிள்ளை விழுந்தால் ஊருக்கே நெஞ்சு பதறும்.

2017 நவம்பர் 9 அன்று ஒசாகாவில் அப்படித்தான் பதறியது. என்ஹெச்கே கோப்பைக்கான பயிற்சி நேரம். லுட்ஸ் என்னும் தாவலில் நான்கு சுற்றுச் சுற்றி இறங்கும்போது வலது கால் மடங்கி விழுந்தார். கணுக்காலின் தசைநார் பாதிக்கப்பட்டது. ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம் இருந்தது.

ஏன் வலது கால் என்று உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இடப்பக்கமாகச் சுற்றுகிறவர்கள் எந்தத் தாவலாக இருந்தாலும் வலது காலில், பின்னோக்கித்தான் இறங்குவார்கள். காற்றில் இருப்பது ஒரு நொடிகூட இல்லை. அதற்குள் நான்கு சுற்று. இறங்கும்போது உடல் எடையைப்போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் ஒரே காலில் விழும். அந்தக் காலுக்கும் ஐஸுக்கும் நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் எஃகுத் தகடு. ஒரு நாளில் எத்தனை தாவல், ஒரு வருஷத்தில் எத்தனை நாள் என்று கணக்குப் பாருங்கள். நாம் கைதட்டும் ஒவ்வொரு தாவலுக்கும் அந்த ஒற்றைக் கணுக்கால்தான் விலை கொடுக்கிறது.

அந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று ரசிகர்களைக் கேளுங்கள். கிராண்ட் பிரிக்ஸ் இறுதிச் சுற்றில் அவர் இல்லை. ஜப்பானின் தேசியப் போட்டியிலும் இல்லை. ஒலிம்பிக் குழுப் போட்டிக்கும் வரவில்லை. ஐஸில் நிற்கிறாரா, நடக்கிறாரா என்றுகூட வெளியே தெரியவில்லை. செய்தி இல்லாத இடத்தைப் பயம் வந்து நிரப்பிக்கொள்ளும். 'இதோடு விட்டுவிடுவாரோ?' என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பில்லை.

2018 பிப்ரவரி 16 அன்று தென்கொரியாவின் காங்னுங் அரங்கில், ஷோபனின் இசைக்கு அவர் ஆடிய முதல் ஆட்டம் 111.68 புள்ளி பெற்றது. மறுநாள் சனிக்கிழமை. அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைக்காமலே வந்து உட்கார்ந்தேன். அன்று அவர் ஆடியது 'செய்மெய்'. பழங்கால ஜப்பானின் புகழ்பெற்ற மாந்திரீகர் ஒருவரைப் பற்றியது. கடைசித் தாவலில் இறங்கும்போது உடல் ஒரு பக்கம் சாய்ந்தது. விழவில்லை. அடிபட்ட அந்தக் கால் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது.

இசை முடிந்தது. அரங்கமே கத்திக்கொண்டிருந்தது. அவர் குனிந்தார். தன் வலது கணுக்காலை இரண்டு கைகளாலும் தொட்டார். அதற்கு நன்றி சொன்னார்.

சலங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டுகிற ஊரில் வளர்ந்தவள் நான். அந்தத் தொடுகை என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் நிறக் கரடிப் பொம்மைகள் மழையாக ஐஸில் விழுந்தன. பூஹ் கரடிதான் ரசிகர்கள் அவருக்கு வழக்கமாக எறியும் பரிசு. அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக்கில் அந்தத் தங்கத்தை வென்றவர், டிக் பட்டனுக்குப் பிறகு 66 ஆண்டுகளில் அவர் ஒருவர்தான். ஏப்ரலில் செண்டாய்த் தெருக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு நின்று அவரை வரவேற்றார்கள். நானும் இங்கே தனியாக உட்கார்ந்து அழுதேன்.

வலிநிவாரணி எடுத்துக்கொண்டுதான் ஆடினார் என்ற செய்தி பிறகு வந்தது. அந்த அழுகைக்குள் அப்போதுதான் ஒரு முள் தைத்தது.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறு வயதில் நான் பரதம் கற்றேன். பதின்மூன்றாம் வயதில் மேடை ஏற இரண்டு நாள் இருக்கும்போது கால் பிசகி, கணுக்கால் வீங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரியில் நானே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு, காலையில் கழுவிவிட்டுப் போனேன். வீக்கத்தின்மேல் சலங்கையை இறுக்கிக் கட்டி ஆடி முடித்தேன். பிறகு விஷயம் தெரிந்ததும் எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "இந்த வயசில் எவ்வளவு நெஞ்சுரம்!" என்றார்கள். யாருமே, "வலிச்சா ஏம்மா சொல்லலை?" என்று கேட்கவில்லை. இன்றும் மழைக்காலத்தில் மாடிப்படி இறங்கும்போது அந்தக் கால் எனக்கு அதை ஞாபகப்படுத்தும்.

அதனால்தான் ஷாங்காய்ப் போட்டியில் நடந்ததை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். 2014 நவம்பர் 8. ஆட்டத்துக்கு முந்தைய ஆறு நிமிடப் பயிற்சியில் ஹன்யூவும் சீனாவின் ஹான் யானும் வேகத்தில் மோதி விழுந்தார்கள். ஹன்யூ தலையில் கட்டோடு, தாடையில் பிளாஸ்திரியோடு திரும்பி வந்து ஆடினார். ஐந்து முறை விழுந்தார். ஐந்து முறையும் எழுந்தார். வெள்ளி வாங்கினார். 'சிங்கம்' என்று சொல்லிச் சொல்லி அந்தப் பதிவைத் தோழிகளுக்குக் காட்டியவள் நான். இன்று அதை முழுதாகப் பார்க்க முடியவில்லை. மோதிய தலையோடு ஒரு பத்தொன்பது வயதுப் பையன் விழுந்து எழுவதை நாங்கள் வீரம் என்று கொண்டாடினோம். அவன் வீட்டுப் பெரியவர்களாக இருந்திருந்தால் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்போம்.

2018 நவம்பரில் மாஸ்கோவில் மறுபடியும் அதே வலது கால். காலையில் பயிற்சியில் விழுந்தார், ஆட்டத்தை விடவில்லை, வென்றார், பதக்கம் வாங்க ஊன்றுகோலோடு வந்தார். அன்று அவர் ஆடியது, சிறுவயதிலிருந்து அவர் தெய்வமாக நினைத்த ரஷ்யாவின் யெவ்கெனி ப்ளூஷென்கோவுக்குக் காணிக்கையாக அமைத்த ஆட்டம். ப்ளூஷென்கோவைப் போலவே காளான் குடைபோல் முடி வெட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை அவர்.

அந்த ப்ளூஷென்கோ எப்படி விடைபெற்றார் தெரியுமா? 2014 பிப்ரவரி 13, சோச்சி. சொந்த நாட்டு ரசிகர்கள் நிறைந்த அரங்கம். சில நாள் முன்புதான் குழுப் போட்டியில் தங்கம் வாங்கியிருந்தார். முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட உடம்பு. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் ஒரு தாவலில் சரியாக இறங்க முடியவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவரிடம் போய் விலகுவதாகச் சொன்னார். ரசிகர்களைப் பார்த்துக் கையசைத்தார். போட்டிகளிலிருந்து ஓய்வு என்றும் அன்றே அறிவித்தார். பலர் கோபப்பட்டார்கள். எனக்கோ, இத்தனை ஆண்டு சுமந்த முதுகு 'போதும்' என்று சொன்னதும் அவர் கேட்டுக்கொண்டார் என்றே தோன்றியது. அதே நாள், அதே ஐஸில்தான் ஹன்யூ முதல் ஆட்டத்தில் 101.45 புள்ளி எடுத்து, நூறைத் தாண்டிய முதல் ஆள் ஆனார்.

காயம் என்றாலே முடிவு என்று உங்கள் மகள் பயப்பட வேண்டியதும் இல்லை. ஜப்பானின் டைசுகே தகாஹாஷிக்கு 2008-இல் வலது முழங்காலில் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஒரு பருவம் முழுவதும் விலகி இருந்தார். 2010-இல் வான்கூவரில் வெண்கலம் வாங்கினார்; ஆண்கள் பிரிவில் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அதே ஆண்டு உலகச் சாம்பியனும் ஆனார். பிறகு ஓய்வு பெற்றார், சில ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார், ஜோடியாக ஐஸ் டான்ஸும் ஆடினார். அவர் காத்திருந்த அந்த ஒரு பருவம் அவருக்கு நஷ்டமாகவில்லை.

ஹன்யூவின் கடைசி ஒலிம்பிக் 2022-இல் பெய்ஜிங்கில். முதல் ஆட்டத்தின் முதல் தாவலிலேயே ஐஸில் இருந்த ஒரு பள்ளத்தில் கத்தி சிக்கி, எட்டாம் இடத்துக்குப் போனார். அடுத்த ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியில் வலது கால் மறுபடியும் சுளுக்கியது. வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தார். அதுவரை யாரும் போட்டியில் முடித்திராத நாலரைச் சுற்று ஆக்ஸல் தாவலை முயன்று விழுந்தார். நான்காம் இடம். பதக்கம் இல்லை. அன்று முதன்முறையாக நான் 'இன்னொரு முறை' என்று வேண்டிக்கொள்ளவில்லை. 'அந்தக் காலுக்கு ஓய்வு கொடுங்கள் தம்பி' என்றுதான் மனம் சொன்னது.

அந்த ஆண்டு ஜூலை 19 அன்று டோக்கியோவில் செய்தியாளர்களைச் சந்தித்து, இனி போட்டிகளில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். 27 வயது. நாங்கள் ஐந்து ஆண்டாகப் பயந்துகொண்டிருந்த நாள் வந்தேவிட்டது. வந்த பிறகு என்ன ஆயிற்று? ஏழு மாதம் கழித்து, 2023 பிப்ரவரியில், டோக்கியோ டோமில் ஐஸ் பரப்பி, 35,000 பேர் முன்னால் ஒற்றை ஆளாக ஒரு முழு நிகழ்ச்சியை நடத்தினார். மதிப்பெண் போட யாரும் இல்லை. எப்போது தாவ வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார்.

சகோதரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அந்த வீராங்கனை திரும்பி வருவாரா என்று மகள் மறுபடி கேட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள். அது அவருடைய கால், அவருடைய வலி, முடிவும் அவருடையது. ஆனால் பிள்ளையின் அழுகையைத் தடுக்க வேண்டாம். முகம் பார்த்திராத ஒருவரின் காலுக்காகச் சாப்பாடு இறங்காத மனசு அருமையான மனசு.

ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்து, அவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அதில் ஒரே ஒரு வரியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "எப்போது வருவீர்கள்?" என்று எழுதினால், அதை "இப்போது வலி எப்படி இருக்கிறது?" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் நமக்காக எழுந்து நிற்க வேண்டியிருக்கும். இரண்டாவதற்கு அவர் படுத்துக்கொண்டே பதில் சொல்லலாம். ரசிகையாக இத்தனை ஆண்டில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகளும் ஒரு நாள் பயிற்சி முடிந்து, வாசலில் ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "கால் கொஞ்சம் நோகுது" என்று மெதுவாகச் சொல்வாள். அப்போது எந்த வேலை இருந்தாலும் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் காலை உங்கள் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே நோகிறது என்று கேளுங்கள்.

பதின்மூன்று வயதில் நான் ஒளித்து வைத்த காலுக்கும் சேர்த்து, உங்களுக்கு என் நன்றி.

அன்புடன்,
ஆசிரியர்