நடுவர் இல்லாத பந்தயம்



ஆண்டுதோறும் நம் பக்கத்தில் மழைக்காலம் வலுக்கும் வேளையில் இங்கிலாந்திலிருந்து எனக்கொரு தபால் வருவதுண்டு. அந்நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஒரு சிறு நகரில் மருத்துவராகப் பணியாற்றும் என் தமக்கை மகன் அதனை அனுப்பிவைப்பார். பிள்ளைகளின் புகைப்படங்களுக்கிடையே எட்டுப் பக்க அறிக்கையொன்றும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அவருடைய பதினான்கு வயது மகன் உறுப்பினனாக உள்ள சிறு பாய்ப்படகுக் கழகத்தின் பருவ இறுதிச் செய்தி மடல் அது.

பாயும் தோணியும் கடற்கரையூர்களில் வாழும் நம் வாசகர்களுக்குப் புதியவையல்ல. அவர்கள் ‘டிங்கி’ என்று வழங்கும் சொல்லே நம் நாட்டுச் சொல்தான். வங்காளத்திலும் இந்தியிலும் சிறு தோணிக்கு வழங்கிய பெயரை ஆங்கிலேயர் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். ஆயினும் நமக்குத் தோணி பிழைப்பு. அவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுச் செய்தியில் நமக்கென்ன இருக்கிறது என்றெண்ணி முதலில் நானும் அதனை மேலோட்டமாகவே புரட்டுவேன். இவ்வாண்டு மடலின் ஆறாம் பக்கத்தில் கண்ட ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. அதனைச் சொல்லுமுன் அக்கழகத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

கூலியாள் இல்லாத கழகம்

குடிநீருக்காகத் தேக்கிய ஓர் ஏரியின் கரையில் பலகையால் கட்டிய ஒரு கூடம். புல்வெளியில் வரிசையாக நிற்கும் படகுகள். தேநீர் போட ஓர் அடுப்படி. கழகத்தின் உடைமை இவ்வளவே. சம்பளம் பெறும் ஊழியர் ஒருவர்கூட இல்லை. தலைவரைக் ‘கமடோர்’ என்று கடற்படைத் தளபதிபோல் பெருமையாக அழைப்பார்கள். அந்தக் கமடோரே சனிக்கிழமை புல் வெட்டிக்கொண்டிருப்பாராம்.

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டில் சில நாட்கள் கடமை முறை உண்டு. ஒருவர் கரையிலிருந்து பந்தயத்தை நடத்தி நேரம் குறிப்பார். இருவர் இயந்திரப் படகில் காத்திருந்து, கவிழ்ந்தவர்களுக்கு உதவுவர். இன்னொருவர் தேநீரும் ரொட்டியும் கொடுப்பார். படகோட்டத்தில் வல்லவரும் தம் முறை வந்தால் பந்தயத்தை விட்டுவிட்டுக் கரையில் நிற்கத்தான் வேண்டும். மடலின் முதற்பக்கம் வென்றவர்களைப் பேசவில்லை. கடமை முறையைத் தவறாது செய்தவர்களுக்கு நன்றி கூறியே தொடங்குகிறது.

அடுத்த பக்கங்களில் பருவத்தின் வரலாறு. மார்ச்சு மாதக் குளிரில் படகுகள் நீரில் இறங்கியது. கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து, அதில் நஞ்சிருக்கக்கூடும் என்பதால் மூன்று வாரங்கள் ஏரியை மூடியது. புதிதாகச் சேர்ந்த பெண்மணி ஒருவர் ஒரே பிற்பகலில் ஐந்து முறை கவிழ்ந்தும் சிரித்துக்கொண்டே கரையேறியது. கூடத்தின் கூரைக்கு எவ்வளவு செலவாயிற்று என்பது. அனைத்தும் ஒரு குடும்பத்தின் கணக்கேடுபோல் எளிமையாக எழுதப்பட்டிருக்கின்றன.

மெதுவான படகுக்கும் நீதி

இத்தகைய கழகங்களில் எல்லாரிடமும் ஒரே வகைப் படகு இருப்பதில்லை. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக வடிவமைத்த ‘ஆப்டிமிஸ்ட்’ என்னும் பெட்டி போன்ற படகு உண்டு. 1960களின் தொடக்கத்தில் ‘டெய்லி மிரர்’ நாளிதழின் ஆதரவில் வந்த, சிவப்புப் பாய் கொண்ட ‘மிரர்’ உண்டு. ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, நாடா ஒட்டிப் பிசின் பூசி, எளிய குடும்பத்தார் தம் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி அமைந்த படகு அது. எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டவை உலகில் கட்டப்பட்டுள்ளன. கனடா நாட்டவரான புரூஸ் கிர்பி வடிவமைத்து 1970களில் பரவிய ‘லேசர்’ என்னும் விரைவான ஒற்றையாள் படகும் உண்டு.

விரைவானதும் மெதுவானதும் ஒரே பந்தயத்தில் ஓடினால் நீதி எப்படிக் கிடைக்கும்? அதற்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். படகு வகை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. லேசருக்கு ஏறத்தாழ 1100, மிரருக்கு ஏறத்தாழ 1390. ஓடிய நேரத்தை அவ்வெண்ணால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவார்கள். லேசர் 55 நிமிடத்தில் முடிக்கும் தூரத்தை மிரர் 69 நிமிடம் 30 நொடியில் முடித்தால் இரண்டும் சமம். விலையுயர்ந்த படகு வைத்திருப்பவர் முதலில் வந்து சேரலாம். வென்றவர் அவர்தானா என்பது கணக்குப் போட்ட பின்னரே தெரியும். கருவியின் பலத்தைக் கழித்துவிட்டு மனிதனின் திறனை மட்டும் எடைபோட முயலும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆறாம் பக்கத்து வரி

இனி அந்த வரிக்கு வருகிறேன். இலையுதிர்காலத் தொடரின் முடிவுப் பட்டியல் ஆறாம் பக்கத்தில் இருந்தது. தொடரில் ஆறு பந்தயங்கள். சிறந்த நான்கு மட்டும் கணக்கில் சேரும். முதலிடத்திற்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்திற்கு இரண்டு என்று போகும். குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். சிறிய பாய் பூட்டிய லேசர் ஓட்டும் நம் பையன் காய்ச்சலால் இரண்டு பந்தயங்களுக்குப் போகவில்லை. அவை கழிவாகிவிட்டன. எஞ்சியவற்றில் மூன்று, நான்கு, மூன்று என்று இடம் பிடித்திருந்தான். அக்டோபர் இறுதி ஞாயிறன்று நடந்த கடைசிப் பந்தயத்திலும் மூன்றாவதாக வந்தால் மொத்தம் 13 புள்ளிகள். பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான கோப்பை அவனுக்கே.

பட்டியலில் அவனது கடைசிக் கட்டத்தில் ‘விலகினார்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சுருக்கெழுத்து இருந்தது. அதற்குப் புள்ளி 15. தொடரில் பதிவு செய்த படகுகள் பதினான்கு; பந்தயத்திலிருந்து விலகியவருக்கு அவ்வெண்ணிக்கையோடு ஒன்று கூட்டிப் போடுவார்கள். அவனது மொத்தம் 25. கோப்பை வேறொரு சிறுவனுக்குப் போய்விட்டது.

படகு பழுதாகியிருக்குமோ என்றெண்ணித் தொலைபேசியில் மருமகனைக் கேட்டேன்.

“இல்ல மாமா, முடிச்சு மூணாவதா வந்துட்டான். அப்புறம் அவனாப் போய் விலகிக்கிட்டான்” என்றார். குரலில் வருத்தம் தெரிந்தது.

நடந்தது இதுதான். கடைசிச் சுற்றில் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது படகின் பின்முனை அதில் உரசிவிட்டது. மிதவையைத் தொடுவது குற்றம். தொட்டவர் மற்றப் படகுகளுக்கு இடையூறின்றி விலகி, உடனே தம் படகை ஒரு முழுவட்டம் சுற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடர வேண்டும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்தப் பையனுக்குப் பின்னே ஒரு படகு நெருங்கி வந்துகொண்டிருந்தது. வட்டம் சுற்றினால் அது முந்திவிடும். மிதவை உரசியதை எவரும் பார்க்கவில்லை. அவன் சுற்றவில்லை, அப்படியே ஓட்டிச்சென்று எல்லைக்கோட்டைக் கடந்தான். கரையில் ஊதுகுழல் ஒலித்தது.

படகைக் கரையேற்றினான், பாயைச் சுருட்டினான், ஈர உடையோடு சற்று நேரம் அங்கேயே நின்றானாம். பிறகு நேரம் குறிப்பவரிடம் போய், “நான் மிதவையைத் தொட்டேன், வட்டம் சுற்றவில்லை” என்று சொன்னான். பந்தயம் முடிந்த பின் வட்டம் சுற்றித் தீர்க்க முடியாது. அப்போது எஞ்சியிருக்கும் வழி விலகுவது ஒன்றே. அவர் தலையசைத்து அவன் பெயருக்கெதிரே குறித்துக்கொண்டார்.

“உண்மையைச் சொல்லணும்னா மாமா, எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு. யாருமே பார்க்கலியேடான்னு கேட்டுட்டேன். ‘நான் பார்த்தேனே வாப்பா’ன்னான். அதுக்கப்புறம் எனக்குப் பேச்சே வரல.”

சாட்சியே நீதிபதி

வாசகர்களே, இவ்விளையாட்டின் விதிநூலைப் பற்றி விசாரித்தபோது வியப்படைந்தேன். கால்பந்தில் ஊதல் வைத்த நடுவர் ஓடுகிறார். கிரிக்கெட்டில் விரல் உயர்த்துவதற்கு ஆள் நிற்கிறார். படகுப் பந்தயங்களில் பெரும்பாலானவற்றில் நீரின்மேல் நடுவர் இல்லை. தவறு செய்தவர் தாமே தமக்குத் தண்டனை விதித்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்நூலின் அடிப்படை. மிதவையைத் தொட்டால் ஒரு வட்டம்; வழிவிட வேண்டிய படகுக்கு வழிவிடாமற்போனால் இரண்டு வட்டம். குற்றவாளியே சாட்சி, அவரே நீதிபதி, தண்டனையை நிறைவேற்றுபவரும் அவரே. எவரேனும் மறைத்தால் மற்றவர்கள் முறையிடலாம்; ஆனால் ஒவ்வொரு வாரமும் முறையீடு வந்தால் அக்கழகம் நீடித்து வாழாது.

அந்நூலின் தலையாய விதிகளுள் முதலாவது வெற்றி பற்றியதன்று. ஆபத்திலிருப்பவருக்கு இயன்ற உதவி அனைத்தையும் செய்தாக வேண்டும் என்பதே அது. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் படகுப் பந்தயங்கள் கொரியாவின் பூசான் கடலில் நடந்தன. கனடாவைச் சேர்ந்த லாரன்ஸ் லெமியூ ஒரு பந்தயத்தில் இரண்டாமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். வேறொரு பிரிவில் ஓடிய சிங்கப்பூர் வீரர்கள் இருவர் பலத்த காற்றில் படகு கவிழ்ந்து தத்தளிப்பதைக் கண்டார். தம் பந்தயத்தை விட்டுத் திரும்பி அவர்களைக் காப்பாற்றினார். பின்னர் நடுவர் குழு அப்பந்தயத்தில் அவருக்கு இரண்டாமிடத்தையே வழங்கிற்று. பதக்கம் கிடைக்கவில்லை, ஆனால் அவ்வாண்டு பதக்கம் பெற்றவர் பெயர் பலவற்றை உலகம் மறந்த பின்னும் லெமியூவின் பெயர் நிற்கிறது.

நம் மாநிலத்திற்கும் இவ்விளையாட்டு அயலானதன்று. சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இயங்கிவருகிறது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்று, ஒலிம்பிக் பாய்ப்படகுப் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியப் பெண் என்னும் பெருமை பெற்றார். அவர் ஓட்டியதும் சிறிய பாய் பூட்டிய லேசர்தான்.

பாராட்டு ஏன் இல்லை?

பருவ இறுதி விருந்தில் பரிசுகள் வழங்கப்பட்டன. நம் பையனுக்கு எதுவும் இல்லை. மருமகனுக்கு மனம் கேட்கவில்லை. அவன் செய்ததைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே என்று கமடோரிடம் குறைப்பட்டுக்கொண்டாராம். அந்த முதியவர் புரியாமல் விழித்து, “விதியில் உள்ளதைத்தானே செய்தான்?” என்று கேட்டிருக்கிறார்.

இந்த விடைதான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. வழியில் கிடந்த பணப்பையை ஒருவர் உரியவரிடம் கொடுத்தால் நாம் செய்தித்தாளில் படம் போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். நல்லதைப் பாராட்டுவது நல்லதே. ஆனால் நேர்மையை அதிசயமாக்கி வைத்திருக்கிறோம் என்பதையும் அந்தப் பொன்னாடை சொல்லிவிடுகிறதல்லவா? அந்த ஏரிக்கரையில் அது சோறு உண்பதுபோல் அன்றாடச் செயலாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பையன் மிதவையருகே உடனே வட்டம் சுற்றியிருந்தால் இழப்பு அரை நிமிடம். ஓர் இடம் பின்தங்கியிருப்பான், அவ்வளவுதான். தாமதித்ததால் பந்தயம் முழுவதும் போயிற்று. இன்னும் தாமதித்து வாய்மூடி இருந்திருந்தால் கோப்பை வீட்டிற்கு வந்திருக்கும். ஆனால் அதனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மிதவையும் கூடவே தெரிந்திருக்கும். தவறைத் திருத்துவதற்கான விலை நாளுக்கு நாள் ஏறுமேயன்றி இறங்குவதில்லை. கடைக்கணக்கில் நேர்ந்த பிழையாயினும், உடன்பிறந்தாரிடம் உதிர்த்த கடுஞ்சொல்லாயினும், பிள்ளை பள்ளியில் மறைத்த பொய்யாயினும் இதே கணக்குத்தான். அன்றே சுற்றிவிட்டால் ஒரு வட்டத்தோடு போகும்.

தாய்மார்களே, தந்தையரே! பிள்ளை தன் தவறைத் தானே வந்து சொல்லும்போது நம் வாயிலிருந்து வரும் முதற்சொல் என்ன? “யாரும் பார்க்கவில்லையே” என்பதா? “ஏன் செய்தாய்” என்னும் அடியா? இவ்விரண்டுக்கும் அஞ்சித்தான் பல பிள்ளைகள் வட்டம் சுற்றாமலே வளர்ந்துவிடுகின்றனர். அந்த நேரம் குறிப்பவரைப்போல் தலையசைத்து, குறித்துக்கொண்டு, அடுத்த பந்தயத்திற்கு அவர்களை அனுமதித்தால் போதும்.

மடலின் கடைசிப் பக்கம் குளிர்காலப் பணிகளைப் பட்டியலிடுகிறது. பாய்களை நன்கு உலர்த்திச் சுருட்டி வையுங்கள், படகின் அடித்தக்கையைக் கழற்றி உள்ளே தங்கிய நீரை வடித்துவிடுங்கள், உறையைக் காற்றில் பறக்காதவாறு கட்டுங்கள், மார்ச்சில் சந்திப்போம். கடமை முறைப் பட்டியலும் இணைக்கப்பட்டிருந்தது. அடுத்த பருவத்தின் முதல் ஞாயிறன்று தேநீர் போடும் முறை நம் பையனுடையதாம். அன்று அவன் பந்தயத்தில் ஓட மாட்டான்.