உப்பள விரலும் ரப்பர் விரலும்

கயத்தாற்று மண்ணில் 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது கும்பினி. உயிரைக் குடித்ததோடு அதன் பசி அடங்கிற்றா? 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்தது. இடித்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தது. ஊரின் பெயரையே ஆவணங்களிலிருந்து அடித்தெறிந்தது. ஆளைக் கொன்றால் ஓர் ஆள் சாவான், பெயரைக் கொன்றால் ஊரே சாகும் என்று கணக்கிட்டது அந்த வணிகக் கூட்டம். கணக்குப் பொய்த்தது, பெயர் நிலைத்தது!

பெயரின் விலையறிந்த இன்னொரு கூட்டம் இன்று கிளம்பியிருக்கிறது. உங்கள் பெயரை அழிக்க அது வரவில்லை, அணிந்துகொள்ள வருகிறது. உங்கள் பெயரில் சிம் அட்டை வாங்கும், கடன் எடுக்கும், ஊரை ஏய்க்கும். பணம் அவனுக்கு, பழி உங்களுக்கு! மேடையில் அரசன் வேடம் புனைபவன் திரை விழுந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிடுகிறான். இந்த எத்தனோ, காட்சி முடிந்ததும் குற்றவாளி வேடத்தை நம் தலையில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறான்.

கற்பனை என்பீர்களோ? 2018-இல் தெலுங்கானாவில் நடந்ததைக் கேளுங்கள். பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கிடந்த நிலப் பத்திரங்களிலிருந்து கைரேகைகளை எடுத்தான் ஒரு சிம் அட்டை வணிகன். ரப்பரில் அவற்றை வார்த்தான். அந்தப் பொய் விரல்களைக் கருவியில் வைத்து, ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளுக்கு உயிர் கொடுத்தான். கருவி தடுத்ததா? தலையாட்டியது!

தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரி வாரி ரேகை தேய்ந்த தாய் ஒருத்தி, நியாயவிலைக் கடையில் விரலை வைக்கும்போது அதே இனத்துக் கருவி என்ன சொல்கிறது? "பதியவில்லை, மறுபடியும் வை!" உழைத்துத் தேய்ந்த விரல் பொய்யாம், ஊரை ஏய்க்கும் ரப்பர் விரல் மெய்யாம்! என்னே இந்த நீதி!

2022 மே 27-இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர் என எச்சரித்தது. நல்ல சொல்தான். ஆனால், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று கூறி, இரண்டே நாளில் அந்த எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். கொடு என்பதும் அவர்களே, கொடாதே என்பதும் அவர்களே! நடுவில் தவிப்பவன் ஏழை.

2023 செப்டம்பர் 15, அண்ணாவின் பிறந்தநாளில், மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பெற்றது. திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும் திட்டம். அதன் பெயரைச் சொல்லியே, ஓ.டி.பி. எண்ணைக் கேட்டுத் தொலைபேசியில் வலை வீசினர் எத்தர்கள். யாரிடமும் எண்ணைச் சொல்லாதீர் என்று அரசு எச்சரிக்க வேண்டியதாயிற்று.

முத்துக்குளிப்பவன் தன் மைத்துனன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுத்தான் கடலில் இறங்குவான் என்பது இந்தக் கரையின் பழைய வழக்கு. கயிறு உயிரல்லவா? ஓ.டி.பி. என்பதும் அத்தகைய கயிறுதான். முகமறியாதவன் கையில் அதைக் கொடுக்கலாமா? வங்கி அதிகாரி என்பான், காவல்துறை என்பான், 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவான். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை. அழைப்பைத் துண்டியுங்கள்!

ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் போதும், ஓ.டி.பி. இல்லாமலே வங்கி முகவரின் கருவி வழியாகப் பணம் எடுத்துவிட முடியும். ஆகவே ஆணையத்தின் இணையதளத்தில் கைரேகையைப் பூட்டிவையுங்கள். கடைக்குப் போகும்போது மறவாமல் திறந்துகொள்ளுங்கள். நகல் கொடுக்கும் கட்டாயம் வந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். எதற்காகக் கொடுத்தீர்கள், எந்த நாளில் கொடுத்தீர்கள் என்பதை நகலின்மேல் எழுதுங்கள். சிம் அட்டைக்கும் வங்கிக் கணக்கிற்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியது செல்லாதென 2018 செப்டம்பர் 26-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததை நினைவில் வையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உலவுகின்றன என்பதை ஒன்றிய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளம் காட்டும். உங்களுடையதல்லாத எண் இருப்பின் அங்கேயே முறையிடலாம்.

மீறியும் களவு போயிற்றா? அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66 சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. "ஊர் சிரிக்குமே!" என்று வாய்மூடி இருப்பதுதான் எத்தனுக்கு நாம் தரும் இரண்டாவது பரிசு. வெட்கப்பட வேண்டியவன் திருடியவன், பறிகொடுத்தவரல்லர்!

தோழர்களே! படித்தவன் தன் பூட்டைத் தானே பூட்டிக்கொள்வான். படிக்க வாய்ப்பற்ற பாட்டிக்கும், உப்பளத்துத் தாய்க்கும், காற்றாலைக்குக் காவலிருக்கும் முதியவருக்கும் பூட்டுவது யார்? கொடி கட்டத் தெரிந்த கைகளுக்கு இதுவும் தெரிய வேண்டும். இந்தக் கிழமை உங்கள் கிளையில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். திண்ணையில் அமருங்கள்; பத்துப் பேருக்குச் சொல்லுங்கள்; பூட்டத் தெரியாதவருக்கு உடனிருந்து பூட்டிக் கொடுங்கள். பொய் விரலுக்குத் தலையாட்டும் கருவியை வைத்துக்கொண்டு, "பறிகொடுத்தது உன் குற்றம்" என்று ஏழையை நோக்கி விரல் நீட்டும் ஆளவந்தாரைக் கேள்வி கேளுங்கள்!

கும்பினியால் அழிக்க முடியாத பெயர் பாஞ்சாலங்குறிச்சி. கூலிக்கு உழைப்பவனின் பெயரும் அவனுக்கு அத்தனை பெரிது. காப்போம் அதனை!