திருடனுக்கல்ல, நமக்கே தேள் கொட்டுகிறது!

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

'திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல' என்பது பழமொழி. திருடன் வாய் திறவாமல் வலியைப் பொறுத்துக்கொள்வானாம். ஆனால் எங்களைப் போன்றோர் வீடுகளில், பொருளைப் பறிகொடுத்தவர்களே அப்படி வாயடைத்து நிற்கிறார்கள்!

சென்ற ஆண்டு பேருந்தில் என் மடிக்கணினி களவு போயிற்று. அம்மா சீட்டு எடுத்து, 28,000 ரூபாய்க்கு வாங்கித் தந்தது அது. "போனாப் போகுதுடா, ஸ்டேஷன் வாசப்படி நமக்கு வேண்டாம்" என்றார் அப்பா. அவருடைய அச்சம் எனக்குப் புரிந்தது. ஆனால் அதை ஏற்க மனம் வரவில்லை.

மடிக்கணினி களவு போனால் முதலில் செய்ய வேண்டியது அழுவதன்று. நண்பரின் கைபேசியிலிருந்தேனும் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்ற வேண்டும். மின்னஞ்சல் பிறர் கையில் சிக்கினால், மற்றக் கணக்குகளின் சாவியும் சிக்கியதாகும் அன்றோ?

அடுத்தது புகார். ஓடும் பேருந்தில் எந்த ஊர் எல்லையில் திருடினார்கள் என்று யார் அறிவார்? கவலை வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எவ்விடத்தில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகப் பெறலாம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம். சி.எஸ்.ஆர். ரசீது போதுமென்று திரும்பிவிடலாகாது.

காவல் நிலையத்தில் என்னிடம் கேட்ட முதற்கேள்வி, "சீரியல் நம்பர் என்ன?" என்பதே. நான் விழித்தேன். நல்லவேளை, பழைய துணி வைக்கலாமென்று அம்மா அந்த அட்டைப் பெட்டியை எறியாமல் வைத்திருந்தார். எண் அதன் பக்கவாட்டில் இருந்தது. எழுத்தறியாத அம்மா காப்பாற்றியதைப் படித்த நான் குறித்து வைக்கவில்லை!

கணினி இன்னும் கிடைக்கவில்லை. ஆய்வக அளவீடுகளை வேறெங்கும் படியெடுத்து வைக்காததால் அவையும் போயின. ஆனால் அன்று என்னுடன் வந்த அப்பா, முதலில் வாசலிலேயே நின்றவர், பிறகு உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

நண்பர்களே! இன்றே உங்கள் கணினியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள வரிசை எண்ணை ஏட்டில் எழுதி வையுங்கள். களவு கொடுத்தது குற்றமன்று. நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் போகிறோம். பெற்றோரின் அந்த அச்சத்தைப் போக்காவிட்டால் நாம் படித்து என்ன பயன்?