செய்தியைத் திறந்தவர் யார்?

குடற்புற்றுநோய்ப் பரிசோதனைக்கான முன்னறிவிப்பைத் தபாலில் அனுப்புவதற்கு முன் கைபேசிச் செயலியில் அனுப்பிப் பார்ப்பது என்று இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையை நடத்துவோர் செய்திருக்கும் தீர்மானம், தபால் செலவை மிச்சப்படுத்தும் யோசனை என்ற அளவில் சரியாகவே இருக்கலாம். உயிரை மிச்சப்படுத்துமா என்பதே நம் கேள்வி.

பரிசோதனையைக் குறித்து நமக்கு எள்ளளவும் ஆட்சேபம் இல்லை. 50 முதல் 74 வயது வரை உள்ளோருக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை பரிசோதனைப் பெட்டி வீடு தேடி வருகிறது. சிறு குச்சியால் மலத்தைச் சற்றே தொட்டுக் குப்பியில் இட்டு மூடி, தபால் தலை ஒட்டாமலே திருப்பி அனுப்பிவிடலாம். மூன்று நாள் மாதிரி கேட்ட பழைய முறை போய் 2019-ல் இம்முறை வந்ததும் பங்கேற்பு உயர்ந்தது.

ஆனால் லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் வாழும் நம் தமிழ் முதியோர் பலரது செயலி பெயரளவில்தான் அவர்களுடையது. அதை இறக்கி வைத்தவன் மகன், கடவுச்சொல் அறிந்தவள் மருமகள். வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் அச்செய்தியைத் தட்டிப் பார்க்கும் மகன், இரவு சொல்லலாம் என்று மூடிவிடுகிறான். இரவு வந்ததும், தாயிடம் மலத்தைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்ற கூச்சத்தில் அது மறுநாளைக்குத் தள்ளிப்போகிறது. திறக்காதவர்களுக்குக் கடிதம் போகுமே என்பது மேலிடத்தாரின் சமாதானம். திறக்கப்பட்டதாகக் கணினி குறித்துக்கொண்ட பிறகு கடிதம் ஏது? சில நாளில் வரும் பெட்டியும், ஏதோ விளம்பரச் சாமான் என்று செருப்பு அலமாரியின் மேல் போய்ச் சேர்கிறது. கடிதமோ, ஆங்கிலத்திலேயே இருந்தாலும், சுவாமி படத்தின் அருகில் பத்து நாள் கிடக்கும். வந்து போகும் யாரையேனும் படித்துச் சொல்லும்படி கேட்கலாம்.

குறுஞ்செய்தியின் மகிமையும் புதிதாக அறியவேண்டியதன்று. இதே பரிசோதனையைப் பற்றி லண்டனில் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், குறுஞ்செய்தி நினைவூட்டலால் மொத்தப் பங்கேற்பு குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. முதன்முறை அழைக்கப்பட்டவர்களிடம் மட்டுமே சற்றுப் பிரயோஜனம் தெரிந்தது.

கணினி என்றதும் கைகூப்பும் இந்த பக்தி இன்று நேற்று வந்ததா? 2002-ல் தேசம் முழுவதற்கும் ஒரே மருத்துவக் கணினித் திட்டம் என்று ஆரவாரமாகத் தொடங்கி, ஏறக்குறைய ஆயிரம் கோடி பவுனுக்குக் கணக்கெழுதிவிட்டு, 2011-ல் அதைக் கலைத்தார்கள். நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டும் திட்டமொன்றை 2013-ல் அறிவித்து, மக்களின் நம்பிக்கையை இழந்து, 2016-ல் மூடினார்கள். 2020-ல் கொரோனா தொற்றியவர்களின் கணக்கை எக்செல் தாளில் ஏற்றி, தாளில் வரி தீர்ந்துபோனதால் ஏறக்குறைய 16,000 பேரைத் தவறவிட்டார்கள். மூன்று முறை சுட்டும் நெருப்பைக் கற்கண்டு என்று எண்ணும் விரல்களை என்னென்பது!

சாதனம் மனிதருக்குத் துணையாக நிற்கட்டும். மனிதரின் ஸ்தானத்தில் அது அமர வேண்டாம். முதியோரிடம் அவர்கள் பாஷையில், கூச்சம் நீங்கும்படி பேசுவதற்குத் தக்க வழியை மேலிடத்தார் காலம் தாழ்த்தாமல் காணவேண்டும். அதுவரை, பெற்றோரின் செயலியைத் தம் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நம் வேண்டுகோள் ஒன்றுதான்: இன்றிரவே அந்தச் செருப்பு அலமாரியின் மேல் பாருங்கள்.