ஓர் எழுத்துப் பிழையும் ஒரு கண்ணும்

"ஓர் 'என்' போதும், இரண்டு எதற்கு?" சென்ற தேர்வில் என் ஆங்கில விடைத்தாளில் ஆசிரியர் சிவப்பு மையால் இவ்வாறு எழுதியிருந்தார். 'இனாகுலேட்' என்னும் வினைச்சொல்லில் நான் ஓர் 'என்' கூடுதலாகச் சேர்த்துவிட்டேன். நோய் வராமல் காக்க உடலுக்குள் தடுப்பு மருந்தைச் செலுத்துவதைக் குறிக்கும் சொல் அது. பிழையைத் திருத்திப் பத்து முறை எழுதினேன். பதினோராம் முறை மீண்டும் இரண்டு 'என்'!

தவறு ஏன் வருகிறது? தீங்கற்றது என்னும் பொருளுடைய 'இன்னாகுவஸ்' என்ற சொல்லில் இரண்டு 'என்' உண்டு. அங்கே 'இன்' என்பது எதிர்மறை. இரண்டாவது 'என்' தீங்கைக் குறிக்கும் இலத்தீன் அடிச்சொல்லின் முதலெழுத்து. ஒலி ஒத்திருப்பதால் கை தவறிவிடுகிறது.

நம் சொல்லின் பிறப்போ வேறு. இங்கே 'இன்' என்றால் உள்ளே. 'ஆகுலஸ்' என்றால் கண். செடியின் மொட்டையும் இலத்தீனில் கண் என்றே சொன்னார்கள். ஒரு செடியின் மொட்டை மற்றொரு செடியின் பட்டைக்குள் வைத்து ஒட்டுக்கட்டுவதே இதன் பழைய பொருள். தோட்டக்காரரின் இச்சொல் 18ஆம் நூற்றாண்டில் மருத்துவத்திற்கு வந்தது. பெரியம்மைச் சீழைச் சிறிதளவு தோலுக்குள் வைக்கும் முறையைத் துருக்கியில் கண்ட மேரி மாண்டேகு சீமாட்டி, 1721இல் இலண்டனில் தம் மகளுக்கு அதைச் செய்வித்தார். 1796இல் ஜென்னர் பசுவின் அம்மைப்பாலைப் பயன்படுத்தினார். 1980இல் பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரை வளர்ப்பதற்காக ஊட்டப்பொருளில் இடுவதற்கும் இதே சொல்தான். அப்படியானால், இரவில் பாலில் சிறிது மோர் விட்டு உறை குத்தும் என் அம்மா செய்வதும் அதுவே! தடுப்பூசியை நம் பெரியோர் 'அம்மை குத்துதல்' என்றனர். அங்கும் 'குத்து', இங்கும் 'குத்து'. தமிழ் வழியில் படித்து வந்து, ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு அஞ்சிக் கடைசி வரிசையில் அமரும் என்னைப் போன்றோருக்கு இது எவ்வளவு பெரிய துணிவு!

ஆசிரியப் பெருமக்களே! பிழையைச் சுழிக்கும்போது அந்தச் சொல் பிறந்த கதையையும் ஒரு வரி சொல்லுங்கள். நண்பர்களே! மனப்பாடம் செய்யுமுன் பொருளைக் கேளுங்கள். எனக்குக் குறைந்தது அரை மதிப்பெண். ஆனால் 'உள்ளே ஒரு கண்' என்று அறிந்தபின் இரண்டாவது 'என்' என் பேனாவில் வரவில்லை.