நாவின் தீர்ப்பா? விலையின் தீர்ப்பா?

அண்மையில் நண்பர் ஒருவர் எமக்கு ஒரு மிடறு ஸ்கொச் விஸ்கி வார்த்தார். ஒரு மிடறுதான். மேலும் கேட்க எமக்குத் துணிவில்லை. கொடுக்க அவருக்கு மனமில்லை. ஸ்கொத்லாந்தின் ஐலாத் தீவிலுள்ள போர்ட் எலன் வடிசாலையில் 1979இல் வடிக்கப்பட்டு, 22 ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாய்களிற் கிடந்து, 2001இல் 6,000 போத்தல்களாக மட்டும் வெளிவந்த சரக்கு அது. முகர்ந்து பாருங்கள் என்று கூறுமுன்னரே அவர் கூறியது அதன் விலையை!

இங்கேதான் எமக்கு ஆட்சேபம். விலையைக் கேட்டுவிட்ட நா நடுநின்று தீர்ப்பளிக்குமா?

போர்ட் எலனின் வரலாற்றையே நோக்குவோம். 1825இல் தோன்றிய அவ்வடிசாலையை 1983இல் அதன் கொம்பனியே மூடிற்று. சரக்குக் கெட்டுவிட்டதா? இல்லை. விஸ்கி தேவைக்கு மேல் தேங்கிக் கிடந்தது. அதே தீவில் அக்கொம்பனிக்கு லகவூலின், கொல் ஈலா என வேறிரு வடிசாலைகளும் இருந்தன. மூன்றில் ஒன்று பலியாயிற்று. கலப்பு விஸ்கிக்குச் சேர்மானமாக மதிக்கப்பட்ட சரக்கு, ஊற்று அடைபட்ட பின்னர் அரும்பொருளாயிற்று. அன்று வேண்டாமென்று தள்ளியவர்களே பின்னர் அதற்கு மகுடஞ் சூட்டினர்!

சுவையிற் குறை கூறினோமல்லோம். மதுசாரம் நூற்றுக்கு 56.2 வீதம், முதல் முகர்விலே மூக்குச் சுட்டது. சில துளி நீர் விட்டதும் சதுப்புநிலக் கரியின் புகைமணமும், எலுமிச்சந்தோலும், கடற்காற்றின் உப்பும் ஒவ்வொன்றாய் எழுந்தன. நீர் விடுதல் குற்றமென்பாரும் உளர். புகைமணந் தரும் குவாயக்கோல் என்னும் பொருள் நீர் சேருங்கால் மேற்பரப்பை நாடுகின்றதென 2017இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் கணித்துக் காட்டியமையை அவர்கள் அறிவாராக.

மூடிய வடிசாலையின் எஞ்சிய பீப்பாய்கள் மெய்யாகவே அரியவை. ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு ஆவியாகவும் போய்விடும். ஆனால், நாள்தோறும் வடித்துக்கொண்டிருக்கும் ஆலை போத்தலுக்கு இலக்கமிட்டு அருமை பேசுவது எத்தகையது? ஸ்கொச் விஸ்கி பற்றிய 2009ஆம் ஆண்டுச் சட்டவிதிகள் பீப்பாயின் கொள்ளளவையும் வயதையும் மதுசார வீதத்தையும் வரையறுக்கின்றன. 'வரையறுத்த வெளியீடு' என்பதற்கோ அவை இலக்கணம் வகுக்கவில்லை. 2023 நவம்பரில் இலண்டன் ஏலமொன்றில் 1926ஆம் ஆண்டு மக்கலன் போத்தல் ஒன்று 21 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. அதைத் திறந்து பருகப்போகிறவர் யார்? பூட்டி வைப்பதற்கே வாங்கப்படும் பொருளை மதுவென்பதா, பங்குப் பத்திரமென்பதா?

போர்ட் எலன் 2024 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. மூன்றாண்டு ஓக் பீப்பாயிற் கிடந்தாலன்றி எச்சரக்கும் ஸ்கொச் விஸ்கியென்ற பெயரைப் பெறாது. அப்பெயரைப் பெற்று அது வரும் நாளில், பெயரை மறைத்து லகவூலினுக்குப் பக்கத்தில் வைத்து எமக்குத் தரவேண்டுமென நண்பரிடம் கேட்டுள்ளோம். விலையைப் பின்னர் சொல்லட்டும்.