ஏற்றும்போதும் இறக்கும்போதும் எச்சரிக்கை

தங்கவயலில் இன்று ஒரு புதிய வழக்கம் வந்திருக்கிறது. சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த தந்தையை, வெளிநாட்டிலோ வடமாநிலத்திலோ வேலை பார்க்கும் மகன் விமானச் சீட்டு எடுத்து அனுப்பி அழைத்துக்கொள்கிறான். பிள்ளைகள் தலையெடுத்ததன் அடையாளம் இது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அந்தத் தந்தையின் நுரையீரல் விமானத்தில் ஏறத் தகுதியாக இருக்கிறதா என்று கேட்பவர் யாரும் இல்லை. சீட்டு கிடைத்ததா, பெட்டி எத்தனை கிலோ என்று கேட்கிறார்கள். மூச்சைப் பற்றிக் கேட்பதில்லை.

உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையும்போது உடம்பில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. உடம்புக்குள் அடைபட்டிருக்கும் காற்று விரிகிறது என்பது ஒன்று. ராபர்ட் பாயில் என்ற அறிஞர் 1662-ல் வெளியிட்ட விதி இதைத்தான் சொல்கிறது. இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைகிறது என்பது இரண்டாவது. நல்ல உடம்பு இரண்டையும் தாங்கிக்கொள்ளும். காயம்பட்ட உடம்போ நோயுற்ற நுரையீரலோ அப்படித் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தப் பாடத்தைச் சாம்பியன் ரீப்ஸ் மக்களுக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் காதுகளுக்கே அது தெரியும். கூண்டு வேகமாக இறங்கும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் திறக்கும். சாம்பியன் ரீப் சுரங்கம் 3,200 மீட்டர், அதாவது சுமார் 10,500 அடி ஆழம் போயிற்று. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது விளங்கியது. தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே அடித்தளத்தில் வேலை செய்த தொழிலாளி கடல் மட்டத்துக்கும் கீழே 2,300 மீட்டரில் நின்று பாறையைத் துளைத்தான். அங்கே காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். பாறையின் சூடு 65 டிகிரிக்கும் மேல். குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பித்தான் மனிதர்களை வேலை செய்ய வைக்க முடிந்தது.

அத்தகைய ஆழத்தில் பாறை வெடித்து ஒருவனின் விலா எலும்பு முறிந்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முறிந்த எலும்பு நுரையீரலைக் குத்திவிட்டால், காற்று கசிந்து நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே தங்கிவிடும். அந்த நிலையில் அவனைக் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவந்தால், அடைபட்ட காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கை நெருங்கும் அளவுக்கு விரியும். விரிந்த காற்று நுரையீரலை நசுக்கும். இதயத்தையும் ஒரு பக்கமாகத் தள்ளும். அதே நேரத்தில், கீழே அழுத்தம் மிகுந்த காற்றில் அவனுக்குக் கிடைத்துவந்த பிராணவாயுவும் மேலே வர வரக் குறையும். வெக்கையிலிருந்தும் இடிபாட்டிலிருந்தும் அவனை மீட்டே தீர வேண்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் மீட்கும் பயணத்திலேயே ஓர் அபாயம் மறைந்திருந்தது.

இமயமலையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. 1962 சீனப் போரை ஒட்டி நமது வீரர்கள் சமவெளியிலிருந்து திடீரென்று மிக உயர்ந்த மலைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலருக்குத் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தன. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. ராணுவ டாக்டர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் வெளியிட்ட கட்டுரை உலக மருத்துவர்கள் போற்றும் ஆவணமாக இருக்கிறது. மலை நோய்க்குப் பிராணவாயுவும் மருந்துகளும் உதவும். ஆனாலும் தலையாய சிகிச்சை நோயாளியைக் கீழே இறக்குவதுதான். அங்கே பயணமே மருந்தாகிறது. சுரங்கத்திலிருந்து ஏற்றும்போதோ பயணமே ஆபத்தாகலாம். ஆகவே நோயாளியை எங்கிருந்து எங்கே கொண்டு போகிறோம் என்பதும் வைத்தியத்தைச் சேர்ந்த கேள்விதான்.

விமானத்துக்கு வருவோம். பயணிகள் விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் தரையில் உள்ள அளவுக்கு அழுத்தி வைப்பதில்லை. விமானத்தின் உள்ளே இருக்கும் நிலை பொதுவாக 6,000 அடி முதல் 8,000 அடி வரை உயரமான மலையில் இருக்கும் நிலைக்குச் சமம். ஊட்டி 7,350 அடி உயரம் என்பதை நினைவில் கொண்டால் இது எளிதாக விளங்கும். விமானத்தில் உட்காருகிறவர் அரை மணி நேரத்துக்குள் ஊட்டி உயரத்துக்கு ஏறிவிடுகிறார். எட்டாயிரம் அடி நிலையில் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் 21 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதம் மட்டுமே உள்ள காற்றைச் சுவாசிப்பதற்கு ஒப்பாகும். உடம்பில் அடைபட்ட காற்று, சென்னையில் புறப்பட்டவருக்கு மூன்றில் ஒரு பங்கும், உயரமான பெங்களூரில் புறப்பட்டவருக்கு ஐந்தில் ஒரு பங்கும் விரியும்.

இதன் விளைவுகள் பல. நுரையீரலைச் சுற்றிக் காற்று தங்கியிருப்பவர் அதை வெளியேற்றிக் குணமாகாமல் விமானம் ஏறக் கூடாது. வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து சில நாட்களே ஆனவருக்குக் குடல் காற்று விரிந்து தையல் பிரியலாம். கண் அறுவையில் உள்ளே வாயு செலுத்தப்பட்டவர் அது கரையும் முன் பறந்தால் பார்வையையே இழக்க நேரிடும். எலும்பு முறிவுக்குப் புதிதாக மாவுக்கட்டு போட்டவருக்குக் கட்டுக்குள் இறுக்கம் ஏற்பட்டு ரத்த ஓட்டம் தடைப்படலாம். ஆகவே முதல் இரண்டு நாட்களுக்குள் போக வேண்டியிருந்தால் கட்டைப் பிளந்து விடுவார்கள். மூச்சுக்குழாயில் செருகிய குழலைப் பிடித்து நிறுத்தும் சிறு காற்றுப் பையும் விரிந்து தொண்டையை உள்ளிருந்து நெருக்கும். ஆம்புலன்ஸ் விமானத்தில் செல்லும் டாக்டரும் நர்சும் ஏறும்போதும் இறங்கும்போதும் அதை அளந்து சரிசெய்துகொண்டே இருப்பது இதனால்தான். தேவைப்பட்டால் விமானத்தைத் தாழப் பறக்கச் செய்து, உள்ளே தரை அழுத்தத்தையே வைத்திருக்கவும் முடியும். எரிபொருள் கூடுதலாகும், அவ்வளவே.

தங்கவயல் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் மேலாக அறிய வேண்டியது சிலிக்கோசிஸ் பற்றியது. பாறைத் தூள் நுரையீரலில் படிந்து தழும்பாகும் இந்த நோய், தூசியை விட்டு வெளியே வந்த பிறகும் வளரக் கூடியது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் அதில் இறங்கியவர்களின் மார்புக்குள் போன தூசி அன்றோடு வெளியேறிவிடவில்லை. இந்த நோய் உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பற்றும். திடீரென்று நுரையீரலில் காற்று கசியும் ஆபத்தும் அவர்களுக்கு உண்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருப்பவர், விமானம் மேலே போனதும் உதடு நீலம் பூத்துத் திணறுவது இப்படித்தான்.

அதற்காக அவர்கள் பயணமே செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போகுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பேச்சு. ஐம்பது மீட்டர் தூரம் சாதாரணமாக நடந்தால் மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சோதனை. வாங்கினால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். விரலில் மாட்டி ரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் சிறு கருவி கொரோனா காலத்துக்குப் பின் பல வீடுகளில் இருக்கிறது. அதில் 95-க்குக் கீழே காட்டினால் மார்பு நோய் டாக்டரின் கருத்து தேவை. 92-க்கும் கீழே என்றால் விமானத்தில் பிராணவாயு ஏற்பாடு இல்லாமல் போகக் கூடாது. பயணி தன் சொந்தப் பிராணவாயு உருளையை விருப்பம்போல் எடுத்துச் செல்ல விமானத்தில் அனுமதி கிடையாது. விமானக் கம்பெனிகளிடம் இதற்கென்று மருத்துவப் படிவம் இருக்கிறது. டாக்டர் அதை நிரப்பிக் கையெழுத்திட்டுச் சில நாட்கள் முன்பே கொடுத்தால் ஏற்பாடு நடக்கும். உண்மையைச் சொன்னால் சீட்டை ரத்து செய்துவிடுவார்களோ என்று அஞ்சி நோயை மறைப்பது, பெற்றவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

தரை வழியில் நிலைமை வேறு. தங்கவயலும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால், நூறு கிலோமீட்டர் ஆம்புலன்ஸ் பயணத்தில் அழுத்தம் பற்றிய கவலை இல்லை. வேலூர் சுமார் 220 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே போகிறவர் இறங்கித்தான் போகிறார். நுரையீரலுக்கு அது சற்று நல்லதே. இந்த இரண்டு வழிகளிலும் எமனாக நிற்பது தாமதம்தான். ஆனால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ நோயாளியைக் காற்று மாற அழைத்துப் போகிறவர்கள் விமானத்துக்குச் சொன்னதை அங்கேயும் நினைக்க வேண்டும். குளிர்ந்த காற்றும் பிராணவாயு நிறைந்த காற்றும் ஒன்றல்ல.

வளைகுடா நாடுகளில் விபத்துக்குள்ளாகி ஸ்டிரெச்சரில் திரும்பும் தொழிலாளர்களின் நிலையும் இதோடு சேர்ந்தது. விமானத்தின் பல இருக்கைகளை மடக்கி ஸ்டிரெச்சர் அமைக்க வேண்டியிருப்பதால் செலவு அதிகம். அந்தச் செலவுக்கும், துணைக்கு வரும் நர்சின் செலவுக்கும் அஞ்சி, நடக்க முடிகிறது என்று எழுதி வாங்கிச் சாதாரண இருக்கையில் அனுப்பும் சபலம் எவருக்கும் வரக் கூடாது. துன்பத்தில் சிக்கிய இந்தியர்களுக்கு உதவத் தூதரகங்களில் 2009 முதல் சமூக நல நிதி இருக்கிறது. குடும்பத்தார் தூதரகத்துக்கு எழுதிக் கேட்கத் தயங்க வேண்டாம். கம்பெனி அலுவலகங்களில் இத்தகைய காகிதங்களைத் தயாரிக்கும் குமாஸ்தாக்களில் நம்மவர்கள் பலர். டாக்டரின் சான்று இல்லாத காகிதத்தை மேலே அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் உறுதி கொண்டால் பல உயிர்கள் பிழைக்கும்.

அரசின் கடமையும் இருக்கிறது. ஆங்கிலேயக் கம்பெனி காலத்தில் எழுந்து பெரும் புகழோடு விளங்கிய சாம்பியன் ரீப்ஸ் மருத்துவமனை, சுரங்கத்தோடு சேர்ந்து மூடப்பட்டது. 2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது தொண்டர்கள் கூடி அதைத் துப்புரவு செய்து, சில வாரங்களில் மீண்டும் படுக்கைகள் போட்டார்கள். மனமிருந்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைச் சோதிக்கவும், பயணத்துக்குத் தகுதியா என்று சான்று தரவும் முழு வசதியுள்ள ஒரு மார்பு நோய்ப் பிரிவு தங்கவயலிலேயே இருக்க வேண்டும். விமான மருத்துவத்துக்கென்று 1957 முதல் இந்திய விமானப்படை நடத்திவரும் கல்வி நிலையம் பெங்களூரிலேயே இருக்கிறது. அதன் அறிவுரையைப் பெற்று மாவட்ட மருத்துவமனை டாக்டர்களுக்கும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் பயிற்சி அளிப்பது மத்திய, மாநில அரசுகளுக்குப் பெரிய காரியம் அல்ல.

இந்த மனிதர்கள் நாட்டுக்காகத் தங்கம் எடுக்கக் கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கினார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க அவர்கள் ஒருமுறை மேகத்துக்கு மேலே பறக்க ஆசைப்பட்டால், பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்ப வழி செய்வது நாட்டின் கடன். அரசு செய்யும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம். சீட்டு வாங்குமுன் டாக்டரைப் பாருங்கள்.